ஒட்டுக்கேக்குற பக்கத்து நோடு: சென்சார் நெட்வொர்க்ல ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கிறது எப்படி

சாயங்காலம் ஆறரை மணிக்கு சைதாப்பேட்டையில தாம்பரம் போற பஸ்ல முன்படிக்கட்டுல ஏறினவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். கண்டக்டர் பின்னாடி அவர் சீட்டவிட்டு எழுந்திரிக்க மாட்டாரு, நம்மால அங்க போகவும் முடியாது, அதனால காச பக்கத்துல நிக்கிறவர் கையில குடுத்து "ஒரு தாம்பரம்"னு சொன்னா அது நாலஞ்சு கை மாறி போயி டிக்கெட்டும் மீதியும் அதே வழியில திரும்பி வந்துடும். ஆனா சில நேரம் நாமளே எட்டி கத்துவோம், நடுவுல ஒரு லாரி ஹாரன் அடிக்கும், கண்டக்டர் காதுல "ஒரு ...ரம்"னு மட்டும் விழும். தாம்பரமா பல்லாவரமான்னு அவர் முழிக்கிறப்ப, நடுவுல கம்பிய பிடிச்சிட்டு நிக்கிற ஒருத்தர் நாம சொன்னது காதுல விழுந்ததால "தாம்ப..."ங்கிறாரு, அவர் முடிக்கிறதுக்குள்ள டிரைவர் பிரேக் போட்டுடுறாரு. பரவால்ல, கண்டக்டருக்கு ரெண்டு அரைகுறையும் சேர்ந்து முழுசா புரிஞ்சிடுச்சு. அந்த நடுவுல நின்னவர யாரும் உதவிக்கு கூப்பிடல, அவருக்கு கேட்டுச்சு, சொன்னாரு.

இதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. காசு கை மாறி போறது ஒண்ணு, அத மல்டிஹாப்னு சொல்வாங்க. ரெண்டு அரைகுறை குரல ஒட்டவச்சு புரிஞ்சிக்கிறது இன்னொண்ணு, அதுக்குத்தான் கோஆபரேட்டிவ் கம்யூனிகேஷன்னு பேரு, தமிழ்ல கூட்டுறவுத் தொடர்புன்னு எழுதுறாங்க (எனக்கு அத படிச்சா சொசைட்டி பால் ஞாபகம்தான் வருது). இந்த சப்ஜெக்ட புதுசா படிக்கிற பசங்க பெரும்பாலும் ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்கிறாங்க, நானும் குழப்பிக்கிட்டவன்தான், அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல சென்சார் நோடுன்னா என்ன. உள்ளங்கை சைஸ் போர்டு, அதுல ஒரு சின்ன பிராசசர், ஒரு ரேடியோ, டெம்பரேச்சரோ ஈரப்பதமோ அதிர்வோ அளக்குற ஒரு சென்சார், பின்னாடி ரெண்டு பேட்டரி. இத பத்து, ஐம்பது, நூறுன்னு ஒரு இடத்துல பரப்பி வச்சா அது வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க். எல்லாம் அளந்தத ரேடியோ வழியா ஒரு இடத்துக்கு அனுப்பணும், அந்த இடத்துக்கு சிங்க்னோ பேஸ் ஸ்டேஷன்னோ பேரு. கேக்க சிம்பிளா இருக்கும். கஷ்டம் எங்க வரும்னா கரண்ட் கிடையாது, ஒயர் கிடையாது, திரும்பப் போயி பேட்டரி மாத்துறது லேசுல ஆகாத இடமா இருக்கும்.

அப்படி ஒரு இடம் எக்வடார்ல இருக்குற ரெவென்டடோர் எரிமலை. 2005-ல ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அங்க போயி 16 நோட எரிமலை வாய்ல இருந்து கீழ் நோக்கி ஒரு வரிசையா கிட்டத்தட்ட 3 கிலோமீட்டருக்கு வச்சாங்க, 19 நாள் ஓட்டினாங்க. ஒவ்வொரு நோடும் நில அதிர்வையும் சத்தத்தையும் செகண்டுக்கு 100 தடவ அளக்கும். கடைசி நோடு பேசுறது நேரா பேஸ் ஸ்டேஷனுக்கு கேக்காது, அதனால பக்கத்து நோடு, அதுக்குப் பக்கத்து நோடுன்னு நம்ம பஸ் காசு மாதிரி கை மாறி மாறித்தான் டேட்டா வரும். இந்த எரிமலைக்கு மறுபடியும் வருவோம், அதுக்கு முன்னாடி பேட்டரி கணக்க பாத்துடலாம், ஏன்னா இந்த துறையில எல்லாமே கடைசியில பேட்டரி கணக்குலதான் போயி முட்டும்.

அந்தக் கால நோடுகள்ல ரொம்ப பிரபலமான ரேடியோ சிப் சிசி2420. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, செகண்டுக்கு 250 கிலோபிட் வேகத்துல பேசும், ஐஇஇஇ 802.15.4ங்கிற ஸ்டாண்டர்டு படி. அதோட டேட்டாஷீட்ல ரெண்டு நம்பர் இருக்கு: அனுப்பும்போது 17.4 மில்லிஆம்ப், கேக்கும்போது 18.8 மில்லிஆம்ப். மறுபடி படிங்க. கேக்குறதுக்குத்தான் அதிகம்! நாம எல்லாரும் கத்தினாத்தான் தொண்டை வத்தும், சும்மா காத தீட்டிட்டு உக்காந்தா என்ன செலவுன்னு நெனச்சிட்டிருப்போம், ஆனா இந்த மாதிரி குறைஞ்ச தூர ரேடியோவுல யாராவது பேசுவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கிறதே பேசுற அளவுக்கு பேட்டரிய உறிஞ்சும். சாதாரண டபுள் ஏ அல்கலைன் பேட்டரிய சுமாரா 2500 மில்லிஆம்ப்-மணின்னு வச்சுக்கிட்டா, 2500-ஐ 18.8-ஆல வகுத்தா 133 மணி நேரம், அதாவது அஞ்சரை நாள். எதுவுமே அனுப்பாம சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா அஞ்சரை நாள்ல பேட்டரி காலி. அதுவே 100 செகண்டுல ஒரு செகண்டு மட்டும் முழிச்சிருந்துட்டு மத்த நேரம் தூங்கினா பேப்பர் கணக்குப்படி ஒன்றரை வருஷம் வரும். ஒரு முழு பாக்கெட் (ஒரு தடவையில அனுப்புற டேட்டா பொட்டலம்) 127 பைட், அத காத்துல விடறதுக்கு நாலு மில்லிசெகண்டு சொச்சம்தான் ஆகும், அந்த நாலு மில்லிசெகண்டுக்காக நாள் முழுக்க முழிச்சிருக்கிறதுதான் வீண். இந்த ஒரு விஷயத்த மட்டும் மனசுல முடிச்சு போட்டு வச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

இப்ப கை மாத்துறதுக்கு வருவோம். தூரமா இருக்குறவனுக்கு கத்துறதுக்கு பதிலா நடுவுல ஒருத்தன் வழியா சொன்னா எனர்ஜி மிச்சம்னு எல்லா புக்கும் சொல்லும். உண்மைதான், ஆனா பாதிதான் உண்மை. 2000-ல எம்ஐடியில லீச்னு, நோடுங்க குழுவா சேர்ந்து டேட்டா அனுப்புற ஒரு முறை வந்துச்சு, அந்த கட்டுரையில ஒரு எளிய எனர்ஜி மாடல் இருக்கு, இன்னிக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுற பாதி பேர் அதத்தான் எடுத்து போடுறாங்க. ஒரு பிட்டுக்கு சர்க்யூட்டுக்கு மட்டும் 50 நானோஜூல் (அனுப்பினாலும் சரி வாங்கினாலும் சரி), அதுக்கு மேல அனுப்பும்போது தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி, ஒரு சதுர மீட்டருக்கு 100 பிக்கோஜூல் (ஆயிரம் பிக்கோஜூல் ஒரு நானோஜூல்). இத வச்சு கணக்கு போட்டுப் பாக்கலாம்.

100 மீட்டர் நேரா அனுப்பினா: 50 கூட்டல் 1000, ஆக 1050 நானோஜூல். நடுவுல 50 மீட்டர்ல ஒரு நோடு இருந்து வாங்கி அனுப்பினா: முதல் ஆள் அனுப்ப 300, நடு ஆள் வாங்க 50, திரும்ப அனுப்ப 300, மொத்தம் 650. லாபம், சந்தோஷம். இப்ப அதையே 20 மீட்டருக்கு போடுங்க. நேரா அனுப்பினா 50 கூட்டல் 40, 90 நானோஜூல். நடுவுல 10 மீட்டர்ல ஒருத்தன விட்டா 60 கூட்டல் 50 கூட்டல் 60, 170. கிட்டத்தட்ட டபுள் நஷ்டம்! பக்கத்து ஆளுக்கு போறதுக்கு ஆட்டோ மாறி ஆட்டோ ஏறின கதை. அதனால "ஹாப் நிறைய இருந்தா எனர்ஜி மிச்சம்"னு யாராவது வைவாவுல சொன்னா எக்ஸாமினர் சிரிச்சிட்டே அடுத்த கேள்வி கேப்பாரு. தூரம் பெருசா இருக்கணும், இல்ல நடுவுல மரம் மட்டை பாறைன்னு சிக்னல் சீக்கிரம் செத்துப்போற இடமா இருக்கணும், அப்பத்தான் கை மாத்துறது லாபம். தரையோட ஒட்டி வச்ச நோடுக்கு சிக்னல் வர்க்கத்துல குறையாம நாலாம் அடுக்குல கூட குறையும், அங்க லாபம் இன்னும் பெருசு.

சரி, இது வரைக்கும் பேசினது எல்லாம் மல்டிஹாப். இதுல ஒரு நோடு இன்னொரு நோடுக்கு அனுப்புது, மத்தவங்களுக்கு அதுல சம்பந்தமே கிடையாதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, ஏதோ நடுவுல ஒயர் இழுத்த மாதிரி. ஆனா ரேடியோ ஒயர் மாதிரி நடந்துக்காது. ஒருத்தன் பேசினா சுத்தி இருக்குற எல்லாருக்கும் கேக்கும். ரொம்ப நாளா இத தொல்லையாத்தான் பாத்தாங்க, நம்ம பேச்சுல அவன் பேச்சு கலந்துடுது, தேவையில்லாம எல்லாரும் கேட்டு பேட்டரிய வீணாக்குறாங்கன்னு. கோஆபரேட்டிவ் கம்யூனிகேஷனோட மூல யோசனையே இந்த தொல்லைய திருப்பிப் போட்டதுதான்: எப்படியும் காதுல விழுந்துடுச்சு, அத வச்சு உதவி பண்ணா என்ன?

உதவி ஏன் தேவைன்னு தெரியணும்னா ஃபேடிங்னு ஒண்ண புரிஞ்சிக்கணும். ரேடியோ அலை நேராவும் வரும், சுவர்ல பட்டும் வரும், தரையில பட்டும் வரும், பீரோவுல பட்டும் வரும். எல்லாம் ரிசீவர்கிட்ட வந்து சேர்றப்ப ஒண்ணோட மேடும் இன்னொண்ணோட பள்ளமும் சேர்ந்தா ரெண்டும் அடிச்சுக்கிட்டு சிக்னல் அம்போன்னு போயிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதனால ஆண்டெனாவ ஒரு ஆறு சென்டிமீட்டர், அதாவது நாலு விரல் அகலம் நகத்தினாலே செத்த இடம் நல்ல இடமாகிடும், நல்ல இடம் செத்துடும். இத நான் படிச்சு நம்பல, பட்டுத்தான் நம்பினேன். எங்க வீட்டு மொட்டைமாடி தண்ணி டேங்க்ல லெவல் சென்சார் வச்சு கீழ மோட்டார் ரூமுக்கு சிக்னல் அனுப்புற மாதிரி ரெண்டு சின்ன போர்டு வாங்கி ஒரு வேலை பண்ணேன். டெஸ்ட் பண்ணப்ப ஜோரா ஓடுச்சு. மறுநாள் காலையில டேங்க் வழிஞ்சு படிக்கட்டெல்லாம் அருவி, வீட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பாத்தா ராத்திரி கீழ்வீட்டுக்காரர் வேன கொண்டுவந்து மோட்டார் ரூம் வாசல்ல நிறுத்தியிருக்காரு, அவ்வளவுதான் மாற்றம். போர்ட எடுத்து நாலு விரல் தள்ளி ஒட்டினேன், சிக்னல் வந்துடுச்சு. வேன் போனதும் மறுபடி தகராறு.

இந்த மாதிரி அதிர்ஷ்டத்துல ஓடுற வழிக்கு ஒரே மருந்து இன்னொரு வழி வச்சுக்கிறது. நேர் வழி பத்துல ஒரு தடவ தவறுதுன்னு வைங்க. பக்கத்து நோடு வழியா வர்றதும் பத்துல ஒரு தடவ தவறுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம தவறினா, ரெண்டுமே ஒரே நேரத்துல தவறுறது நூறுல ஒரு தடவதான். இதத்தான் டைவர்சிட்டின்னு சொல்றாங்க. செல்போன் டவர்ல நாலு ஆண்டெனாவ தள்ளித்தள்ளி வச்சிருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா உள்ளங்கை சைஸ் நோடுல ரெண்டு ஆண்டெனாவ எங்க தள்ளி வைக்கிறது, அதனால பக்கத்து நோடோட ஆண்டெனாவ கடன் வாங்கிக்கிறோம். ஆளுக்கு ஒரு ஆண்டெனா, சேர்ந்தா பல ஆண்டெனா.

இதுல எனர்ஜி லாபம் எவ்வளவுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். ஃபேடிங் கடுமையா இருக்குற இடத்துல ஒத்தை வழியில தவறுறது சிக்னல் பவருக்கு நேர் எதிர் விகிதத்துலதான் குறையும், அதாவது ஆயிரத்துல ஒண்ணுதான் தவறணும்னா பவர்ல சுமார் ஆயிரம் மடங்கு மார்ஜின் விட்டு வைக்கணும். ரெண்டு வழி இருந்தா தவறுறது பவரோட வர்க்கத்துக்கு குறையும், அப்ப ஆயிரத்தோட வர்க்கமூலம், முப்பது சொச்சம் மடங்கு போதும். நடுவுல கொஞ்சம் கான்ஸ்டன்ட், டைம் நஷ்டம் எல்லாம் இருக்கு, அத தள்ளிவச்சுத்தான் சொல்றேன், இருந்தாலும் ஆயிரம் எங்க முப்பது எங்க.

இந்த யோசனை ஒண்ணும் சென்சார்காரங்க கண்டுபிடிச்சது கிடையாது. நடுவுல ஒரு ரிலே (வாங்கி திருப்பி அனுப்புற ஆள்) வச்ச சேனல்னு 1971-லயே வான் டெர் மியூலன் எழுதிட்டாரு, 1979-ல தாமஸ் கவர், எல் கமால் ரெண்டு பேரும் அதுல எவ்வளவு தகவல் போகும்னு கணக்கு போட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அது தியரி ஆளுங்க சமாச்சாரமா கிடந்துச்சு. 2003-ல செண்டோனாரிஸ், எர்கிப், ஆஷாங் மூணு பேரும் மொபைல் யூசர்களே ஒருத்தருக்கொருத்தர் ரிலேவா இருக்கலாம்னு எழுதினாங்க, 2004-ல லேன்மன், ட்ஸே, வோர்னெல் மூணு பேரும் நடைமுறைக்கு ஏத்த மாதிரி சில எளிய முறைய பிரிச்சு வச்சாங்க. இன்னிக்கு பாடத்துல இருக்குறது பெரும்பாலும் அந்த 2004 கட்டுரையில இருக்குற பிரிவுதான்.

அத பஸ்ஸ வச்சே பாத்துடலாம். இந்த மாதிரி சின்ன ரேடியோவால ஒரே நேரத்துல ஒரே சேனல்ல பேசிக்கிட்டே கேக்க முடியாது, அதனால எல்லாம் ரெண்டு கட்டமா நடக்கும். முதல் கட்டத்துல நாம கத்துறோம், கண்டக்டருக்கும் அரைகுறையா கேக்குது, நடு ஆளுக்கும் கேக்குது. ரெண்டாவது கட்டத்துல நடு ஆள் சொல்றாரு. எப்படி சொல்றாருங்கிறதுலதான் வித்தியாசம். ஒருத்தருக்கு தமிழே தெரியாது, காதுல விழுந்த சத்தத்த அப்படியே, நடுவுல விழுந்த ஹாரனையும் சேத்து, சத்தமா திருப்பி சொல்றாரு. இது ஆம்ப்ளிஃபை அண்ட் ஃபார்வர்டு. கேக்க கேலியா இருந்தாலும் இது வேலை செய்யும், ஏன்னா கண்டக்டர்கிட்ட ஏற்கனவே ஒரு அரைகுறை காப்பி இருக்கு, ரெண்டுலயும் இருக்குற இரைச்சல் வேற வேற, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா சொல்லு மட்டும் தூக்கலா தெரியும். தெளிவா வந்த காப்பிக்கு அதிக மரியாதை, மங்கலா வந்ததுக்கு கம்மி மரியாதைன்னு எடை போட்டு கூட்டுவாங்க, அதுக்கு மேக்சிமல் ரேஷியோ கம்பைனிங்னு பேரு.

இன்னொருத்தர் நாம சொன்னத கேட்டு, புரிஞ்சிக்கிட்டு, சுத்தமா தன் குரல்ல "ஒரு தாம்பரம்"னு திருப்பி சொல்றாரு. இது டிகோட் அண்ட் ஃபார்வர்டு. இரைச்சல் கூட வராது, நல்லது. ஆனா அவருக்கே "பல்லாவரம்"னு கேட்டிருந்தா? அடிச்சு சொல்லுவாரு பாருங்க, பல்லாவரம்தான்னு. கண்டக்டர் நம்ம முனகல விட்டுட்டு அவர நம்பி பல்லாவரம் டிக்கெட் கிழிச்சு குடுத்துடுவாரு. உதவின்னு வந்து உபத்திரவம். லேன்மன் குரூப்பு காட்டினதுல முக்கியமானதே இதுதான்: கண்ண மூடிக்கிட்டு எப்பவும் டிகோட் பண்ணி அனுப்பினா நாம எதிர்பாத்த அந்த வர்க்க லாபம் கிடைக்காது, நமக்கும் நடு ஆளுக்கும் நடுவுல இருக்குற வழி மோசமா இருந்தா எல்லாம் அதோட போச்சு. தனக்கு ஒழுங்கா கேட்டுச்சான்னு பாத்துட்டு, கேட்டிருந்தா மட்டும் வாயத் திறக்கணும், இது செலெக்ஷன் ரிலேயிங். நோடுக்கு இது ஈஸி, பாக்கெட் கடைசியில சிஆர்சின்னு சரிபார்ப்பு பிட் இருக்கு, அது ஒத்துப்போனா பேசு, இல்லன்னா கம்முனு இரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது நாலாவது முறை, இன்கிரிமென்டல் ரிலேயிங். கண்டக்டருக்கே முதல் தடவையில புரிஞ்சிடுச்சுன்னா அவர் தலைய ஆட்டிடுவாரு, நடு ஆள் வாயத் திறக்கவே வேண்டாம். தலைய ஆட்டலன்னா மட்டும் நடு ஆள் சொல்லணும். ரேடியோவுல அந்த தலையாட்டலுக்கு ஏசிகேன்னு பேரு, எப்படியும் பெரும்பாலான ப்ரோட்டோகால்ல (பேசுற விதிமுறையில) இருக்குறதுதான். பத்துல ஒன்பது தடவ நேர் வழியே போதும்ங்கிறப்ப ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது கட்டத்துக்கு நேரத்த ஒதுக்கி வைக்கிறது வீண்தானே. சென்சார் நெட்வொர்க்குக்கு பொருத்தமா இருக்குறதும் இதுதான்னு நான் சொல்வேன்.

இப்ப அடுத்த சிக்கல். நடுவுல ஒருத்தர் இருந்தா சரி, எட்டு பேர் இருந்தா? எட்டு பேரும் ஒரே நேரத்துல "தாம்பரம்"னு கத்தினா அது சந்தைக்கடை. யார் உதவணும்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணலாம்னா அதுக்கே எட்டு பாக்கெட் பறக்கணும், உதவி பண்றதவிட உதவிக்கு கமிட்டி போடுற செலவு அதிகமாயிடும். 2006-ல எம்ஐடியில இருந்து ஒரு அழகான தீர்வு வந்துச்சு, பேச்சுவார்த்தையே இல்லாம. அனுப்புறவன் "பேசப் போறேன்"னு ஒரு குட்டி பாக்கெட் விடுவான், வாங்குறவன் "சரி பேசு"ன்னு ஒண்ணு விடுவான், இது ரெண்டும் ஏற்கனவே புழக்கத்துல இருந்த முறைதான். நடுவுல இருக்குற ஒவ்வொரு நோடும் ரெண்டையும் ஒட்டுக்கேட்டு, ரெண்டு பக்கமும் தனக்கு சிக்னல் எவ்வளவு நல்லா இருக்குன்னு தானே அளந்துக்கும். ரெண்டுல எது மோசமோ அத வச்சு ஒரு டைமர் போட்டுக்கும், சிக்னல் நல்லா இருந்தா குட்டி டைமர், மோசமா இருந்தா நீள டைமர். யாரோட டைமர் முதல்ல தீருதோ அவன் "நான் பாத்துக்கிறேன்"னு ஒரு சின்ன கொடி காட்டுவான், அது கேட்டதும் மத்தவங்க எல்லாம் ஒதுங்கிடுவாங்க. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கல, யாருகிட்டயும் மொத்த மேப்பு கிடையாது, இருந்தும் இருக்கிறதுலயே நல்ல இடத்துல இருக்குறவன்தான் வேலைய எடுத்துக்குறான். எப்பவாவது ரெண்டு டைமர் ஒண்ணா தீர்ந்து மோதிக்கும், பெரிய விஷயமில்ல. ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தன் இன்னொருத்தன் காட்டின கொடி கேக்காத தூரத்துல இருந்தா அவனும் கிளம்பிடுவான், அந்த கேஸுக்கு வாங்குறவன் திருப்பி ஒரு அறிவிப்பு விடணும்.

இப்ப மேல முடிச்சு போட்டு வைக்க சொன்னேனே, கேக்குறதுக்கு 18.8 மில்லிஆம்ப்னு, அங்க வருவோம். ஒட்டுக்கேட்டாத்தான் உதவி பண்ண முடியும், ஒட்டுக்கேக்கணும்னா முழிச்சிருக்கணும், முழிச்சிருந்தா அஞ்சரை நாள்ல காலி. இந்த முரண்பாட்ட பாதி கட்டுரைங்க கண்டுக்கிறதே இல்ல, ட்ரான்ஸ்மிட் பவர் இவ்வளவு மிச்சம்னு கிராஃப் போட்டுட்டு போயிடுறாங்க, கேட்டவனோட பேட்டரி யாரு கணக்குல போகுதுன்னு கேட்டா பதில் இருக்காது. நிஜத்துல பண்றது என்னன்னா எல்லாரும் கடிகாரத்த ஒத்து வச்சுக்கிட்டு ஒண்ணா தூங்கி ஒண்ணா எழுந்திரிக்கிறது, எழுந்திருக்குற அந்த சில மில்லிசெகண்டுல மட்டும் உதவி ஒத்தாசை எல்லாம் நடக்கும். அதுலயும் எல்லா பக்கத்து நோடும் முழிச்சிருக்க வேணாம், இந்த சுத்துக்கு நீ, அடுத்த சுத்துக்கு நான்னு முறை வச்சுக்கலாம்.

அந்த நூறுல ஒண்ணு கணக்குலயும் ஒரு ஓட்டை இருக்கு, "சம்பந்தமில்லாம தவறினா"ன்னு சொன்னேன் பாருங்க. பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு நோடுக்கும் ஒரே பாறை மறைச்சா, ரெண்டும் ஒண்ணாத்தான் செத்துப்போகும். நாலு விரல் நகந்தா சரியாகுறது ஃபேடிங், வேன் மறைக்கிறது ஷேடோயிங். முதலாவதுக்கு எந்த பக்கத்து வீட்டுக்காரனும் உதவலாம், ரெண்டாவதுக்கு வேனுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்குற மாதிரி உக்காந்திருக்கிறவன்தான் உதவ முடியும். அதனால நோட எங்க வைக்கிறோம்ங்கிறது ப்ரோட்டோகால் அளவுக்கு முக்கியம்.

கைகொடுக்கிறதுன்னா பாக்கெட்ட கடத்துறது மட்டும்னு நெனச்சிடாதீங்க. எரிமலைக்கு திரும்பப் போனா அங்க வேற மாதிரி கூட்டு நடந்துச்சு. 16 நோடும் செகண்டுக்கு 100 தடவ அளந்து எல்லாத்தையும் கை மாத்தி மாத்தி அனுப்புற அளவுக்கு அந்த ரேடியோவுக்கு வேகம் பத்தாது. அதனால ஒவ்வொரு நோடும் அளந்தத தன் ஃப்ளாஷ் மெமரியில சுத்தி சுத்தி எழுதிக்கிட்டு, அதிர்வு திடீர்னு கூடினா மட்டும் "எனக்கு ஏதோ ஆட்டம் தெரியுது"ன்னு ஒரு குட்டி மெசேஜ் அனுப்பும். ஒரு நோடு சொன்னா காத்தா இருக்கலாம், யாராவது பக்கத்துல நடந்திருக்கலாம். பத்து செகண்டுக்குள்ள 30 சதவீத நோடுங்க அதையே சொன்னாத்தான் பேஸ் ஸ்டேஷன் நம்பும், நம்பினா எல்லா நோடுகிட்டயும் கடைசி ஒரு நிமிஷ டேட்டாவ ஒவ்வொண்ணா வாங்கும். ஊர்ல நாலு பேர் சொன்னாத்தான் நம்புறதுங்கிற அதே வழக்கம். இதுல ஒரு குறை, டேட்டாவ வாங்கிட்டு இருக்கும்போது புதுசா அளக்குறது நின்னுடும், அதனால அடுத்தடுத்து வந்த வெடிப்புல ரெண்டாவத கோட்டை விடலாம்.

இதே மாதிரி ஒதுங்கிப் போறதும் ஒரு கூட்டுறவுதான். 2004-ல வந்த ட்ரிக்கிள்ங்கிற முறையில ஒவ்வொரு நோடும் தன்கிட்ட எந்த வெர்ஷன் சாஃப்ட்வேர் இருக்குன்னு அப்பப்ப சொல்லணும், ஆனா சொல்றதுக்கு முன்னாடி காத தீட்டிக்கும், பக்கத்துல ரெண்டு பேர் ஏற்கனவே அதையே சொல்லிட்டா "சரி நான் எதுக்கு"ன்னு கம்முனு இருந்துடும். வதந்திதான், ஆனா மரியாதை தெரிஞ்ச வதந்தி. இதுக்கு நேர் எதிர் 2011-ல சூரிச்ல இருந்து வந்த க்ளாஸி. நான் மேல எட்டு பேர் ஒண்ணா கத்தினா சந்தைக்கடைன்னு சொன்னேன்ல, எட்டு பேரும் அதே வார்த்தைய அரை மைக்ரோசெகண்டு கூட பிசகாம ஒரே நேரத்துல சொன்னா அது சந்தைக்கடையா இருக்காது, கோயில்ல கூட்டமா கோவிந்தா போடுற மாதிரி ஒரே குரலா கேக்கும். கேட்டவன் உடனே அதே நேரக் கணக்குல திருப்பி சொல்ல, அத கேட்டவன் அடுத்து சொல்லன்னு ஒரு மெசேஜ் மொத்த நெட்வொர்க்குக்கும் சில மில்லிசெகண்டுல பரவிடும், எது எந்த வழியில போகணும்னு எழுதி வைக்கிற ரூட்டிங் டேபிளே வேணாம். முதல் தடவ படிச்சப்ப இது நடக்காதுன்னுதான் நெனச்சேன்.

நம்ம பக்கத்துல இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமா நிக்கிற இடம் மூணாறு. தேயிலை எஸ்டேட்ல தமிழ் குடும்பங்கள் நிறைய இருக்குற மலை, மழை வலுத்தா மண்சரிவு பயம். அங்க அந்தோணியார் காலனி சரிவுல அமிர்தா பல்கலைக்கழகம் ஆழத்துக்கு குழி போட்டு, மண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம், சாய்வு, அதிர்வு அளக்குற சென்சார்கள இறக்கி, மேல வயர்லெஸ் நோடு வச்சு ஒரு நெட்வொர்க் அமைச்சாங்க. நோடுல இருந்து கேட்வே (டேட்டாவ சேத்து வெளிய அனுப்புற பெட்டி), கேட்வேல இருந்து வைஃபை, அங்க இருந்து சேட்டிலைட் வழியா கொல்லம் பக்கத்துல இருக்குற அவங்க கேம்பஸுக்கு டேட்டா போகும். 2009 ஜூலை மழையில அந்த சிஸ்டம் எச்சரிக்கையும் குடுத்துச்சு. அங்கயும் இதே பேட்டரி கணக்குதான், மழை இல்லாத நாள்ல மெதுவா அளக்கும், ஈரம் ஏற ஏற அடிக்கடி அளக்கும். யோசிச்சுப் பாருங்க, மழையில நனைஞ்ச மரமெல்லாம் சிக்னல தின்னுற அதே ராத்திரியிலதான் அந்த டேட்டா கட்டாயம் போயி சேரணும். ரெண்டாவது வழிங்கிறது அங்க சும்மா பேப்பர்ல எழுதுற விஷயம் கிடையாது.

எங்க வீட்டு டேங்குக்கும் ரெண்டாவது வழி போட்டேன். மாடிப்படி திருப்பத்துல, வேன் மறைக்காத ஜன்னல் ஓரமா மூணாவதா ஒரு போர்டு, மேல இருந்து வர்றத ஒட்டுக்கேக்கும், கீழ இருந்து ஏசிகே வரலன்னா மட்டும் தான் ஒரு தடவ சொல்லும். இன்கிரிமென்டல் ரிலேயிங், மொத்தம் முப்பது வரி கோடு. டேங்க் அதுக்கப்புறம் வழியல, வேன் எங்க நின்னாலும் சரி. ஆனா டேங்க்ல இருக்குற போர்டு அப்பப்ப எழுந்து பேசிட்டு தூங்கிடுது, அதோட பேட்டரி இன்னும் ஓடுது. நடுவுல இருக்குற இந்த புண்ணியவான் எப்ப கூப்பிடுவாங்களோன்னு நாள் பூரா முழிச்சிருந்து ஒரு வாரம் கூட தாங்கல, தூங்க வைக்கிற கோடு எழுத எனக்கு சோம்பேறித்தனம், அதனால மாடிப்படி ப்ளக் பாயின்ட்ல பழைய செல்போன் சார்ஜர மாட்டிவிட்டேன். இப்ப ராத்திரி யாராவது கரண்ட் வீண்னு அந்த ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு போயிடுறாங்க. மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன், "தண்ணி டேங்க் சம்பந்தப்பட்டது, அணைக்காதீர்கள்"னு.